திரும்பி வந்த 11 பெட்டிகள்

கேள்வி: ஐயா, வணக்கம். கோவை கணபதி பக்கம் ஒரு சின்ன ஷெட்டில் நாங்கள் 6 பேர் வேலை செய்கிறோம். போர்வெல் மோட்டாரை மொபைலிலிருந்தே போடவும் நிறுத்தவும், தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக நிற்கவும் ஒரு கன்ட்ரோலர் செய்திருக்கிறோம். தொடங்கி 14 மாதம் ஆகிறது. முதலில் 40 பெட்டிகள் விற்றோம். அதில் 11 திரும்பி வந்துவிட்டன. எல்லாரும் சொல்வது ஒரே புகார்தான்: அடிக்கடி டிரிப் ஆகிறது, அதாவது பெட்டி மோட்டாரைத் தானாகவே நிறுத்திவிடுகிறது. ஆனால் எங்கள் மேஜையில் மாட்டிப் பார்த்தால் அந்த 11-இல் 9 பெட்டிகள் ஒழுங்காக ஓடுகின்றன. பணம் போட்ட மாமா, "இன்னும் 6 பேரைச் சேர்த்து ஒரு கம்பெனி மாதிரி நடத்து" என்கிறார். என்னோடு சேர்ந்து தொடங்கிய நண்பன், ஆப்பில் மண் ஈரம், மழை நிலவரம் எல்லாம் காட்டினால்தான் விற்கும் என்கிறான். பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகளில் செய்வதுபோல் தினமும் காலையில் மீட்டிங் போடுகிறோம். ஆனாலும் வேலை நகரவில்லை. எங்களைப் போன்ற சின்ன டீமுக்கென்று ஏதாவது விதிமுறைகள் இருக்கின்றனவா?

– ஒரு வாசகர், கோவை

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மாமா, நண்பன், காலை மீட்டிங் எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 9 பெட்டிகள்தான். மேஜையில் ஓடுகிற பெட்டி தோட்டத்தில் நின்றுபோகிறது என்றால், தோட்டத்தில் இருக்கிற ஏதோ ஒன்று உங்கள் மேஜையில் இல்லை. அதைப் பார்க்க உங்களில் யார் போனீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பெட்டிகள் உங்களைத் தேடி வந்தன, நீங்கள் பிரித்துப் பார்த்தீர்கள், அதோடு விட்டுவிட்டீர்கள்.

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

சுமார் 15 வருடங்களுக்கு முன்பு நாங்கள் 5 பேர் சேர்ந்து ஏறக்குறைய உங்களுடையதைப் போன்ற ஒரு கன்ட்ரோலர் செய்தோம். பொங்கலூர் பக்கம் ஒரு தென்னந்தோப்பிலிருந்து மட்டும் ஒரே பெட்டி 3 தடவை திரும்பி வந்தது. கூட வந்த சீட்டில் "டிரிப்" என்று ஒரே வார்த்தை. மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற சுவிட்சான கான்டாக்டர் விடும்போது வருகிற மின் இரைச்சல்தான் (நாய்ஸ்) பெட்டிக்குள் இருக்கிற சர்க்யூட் போர்டைக் குழப்புகிறது என்று நாங்களாகவே முடிவுகட்டினோம். அந்த நாய்ஸை அடக்க ஸ்னப்பர் சேர்த்தோம். கரன்ட்டை அளக்கிற சிடியை (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) மாற்றினோம். போர்டுக்குள் ஓடுகிற புரோகிராமான ஃபர்ம்வேரை இரண்டு முறை திருத்தி எழுதினோம். 3 மாதம் போயிற்று. கடைசியில் அந்த ஊர் எலக்ட்ரீஷியன் போனில், "ராத்திரி ஒருக்கா வந்து பாருங்க சார்" என்றார்.

போனபோது மணி 10. மோட்டார் ரூமில் ஒரே ஒரு பல்பு. பேனல் கதவைத் திறந்ததும் ஒரு பல்லி ஓடியது. எங்கள் பெட்டிக்குக் கீழே, இன்சுலேஷன் டேப் சுற்றி ஒன்றாகக் கட்டிய 4 கன்டென்சர்கள் தொங்கின. ஒயரைக் கவ்விக் கரன்ட் அளக்கிற டாங் டெஸ்டரை மோட்டாருக்குப் போகிற மூன்று ஒயர்களிலும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். ஒன்றில் 14 ஆம்பியர், அடுத்ததில் 11, மூன்றாவதில் 6. பகலில் மூன்றிலும் 12-ஐ ஒட்டி வர வேண்டிய மோட்டார் அது.

தோப்புக்காரர் பெரியவர். நான் மீட்டரையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அவரே சொன்னார்: "மூணு ஃபேஸ் வர்ற வரைக்கும் தென்னை பொறுத்துக்குமா கண்ணு? ரெண்டு ஃபேஸ் இருக்கறப்ப கன்டென்சரப் போட்டு ஓட்டிக்கறது. இந்தப் பக்கம் பூராம் அப்படித்தான்."

மின்சாரம் வருகிற மூன்று ஃபேஸில் ஒன்று இல்லாமல்போனால் மோட்டார் காயில் எரிந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் எங்கள் பெட்டியில் பாதுகாப்பு வைத்திருந்தோம். அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. ராத்திரியில், இல்லாத ஃபேஸுக்குப் பதிலாகக் கன்டென்சர் போட்டு ஓட்டுகிறபோது, மூன்று ஒயரிலும் கரன்ட் ஏறுமாறாக இருப்பதைப் பார்த்து ஒவ்வொரு முறையும் மோட்டாரை நிறுத்தியது. எங்கள் மேஜையிலோ ஸ்டெபிலைசர் வழியாக 415 வோல்ட், மூன்று ஃபேஸும் சமமாக. அந்த மேஜையில் இன்னும் 3 வருடம் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கன்டென்சர்கள் எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

பிறகு யோசித்துப் பார்த்ததில் என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. பெரியவர் முதல் நாளே எலக்ட்ரீஷியனிடம், "ராத்திரியில மட்டுந்தான் நிக்குது" என்று சொல்லியிருக்கிறார். எலக்ட்ரீஷியன் கடைக்காரரிடம் சொன்னார், கடைக்காரர் எங்கள் ஆபீஸில் போன் எடுப்பவரிடம் சொன்னார், அவர் சீட்டில் "டிரிப்" என்று எழுதி என் மேஜையில் வைத்தார். மூன்று பேரைத் தாண்டி வருவதற்குள் "ராத்திரியில மட்டும்" என்ற இரண்டு வார்த்தைகள் உதிர்ந்துவிட்டன. விடையே அந்த இரண்டு வார்த்தைகளில்தான் இருந்தது.

நீங்கள் விதிமுறைகள் கேட்டீர்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான், மற்றதெல்லாம் அதிலிருந்து வருபவை. ஒரு முடிவை எடுக்கிறவருக்கும் அந்த முடிவு பழுதாகிற இடத்துக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணைக் குறைக்கிற எதுவும் உங்களுக்கு நல்லது. கூட்டுகிற எதையும், அது எவ்வளவு முறையானதாகத் தெரிந்தாலும், சந்தேகத்தோடு பாருங்கள்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. 1943 ஜூனில், அமெரிக்காவின் பர்பேங்க் நகரில், லாக்ஹீட் விமானக் கம்பெனியில் கெல்லி ஜான்சன் என்ற பொறியாளர் 180 நாளில் ஒரு ஜெட் போர் விமானம் செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். கம்பெனியின் மற்ற இடமெல்லாம் போர்க்கால உற்பத்தியில் நிரம்பியிருந்தது. அதனால் வாடகைக்கு எடுத்த சர்க்கஸ் கூடாரத்தின் கீழ் வேலையைத் தொடங்கினார்கள். வரைபடம் போடுகிறவர் ஒரு பக்கம், தகடு வெட்டுகிறவர் பக்கத்திலேயே. வரைந்தது தகட்டில் சரியாக வரவில்லை என்றால் தகடு வெட்டுகிறவர் நாலு எட்டு நடந்து வந்து அங்கேயே காட்டுவார், வரைந்தவர் அங்கேயே திருத்துவார். 143 நாளில் விமானம் தயாராகிவிட்டது.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையைச் சொல்கிற பலரும் 143-ஓடு நிறுத்திவிடுகிறார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த இன்ஜினைத் தரையில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது காற்று உள்ளே போகிற குழாய்கள் நசுங்கி, இன்ஜின் பாழாகிவிட்டது. ஆங்கிலேயர்கள் தங்கள் சொந்தப் போர் விமானத்துக்கு வைத்திருந்த இன்ஜின் ஒன்றை அனுப்பிய பிறகுதான் 1944 ஜனவரி 8-ஆம் தேதி அந்த விமானம் பறந்தது. அவ்வளவு நெருங்கி உட்கார்ந்து வேலை செய்தும் தப்பு நடந்தது. ஆனால் அது தரையில், செய்தவர்களின் கண் முன்னாலேயே நடந்தது. எந்தக் குழாய், ஏன் நசுங்கியது என்று அவர்களுக்கு யாரும் சீட்டு எழுதி அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பிரிவுதான் பின்னால் 'ஸ்கங்க் வொர்க்ஸ்' என்று பெயர் பெற்றது. ஜான்சன் தன் வேலைமுறையை 14 விதிகளாக எழுதி வைத்தார். ராணுவத்துக்கு ரகசியமாக விமானம் செய்தவர்கள் அவர்கள். நீங்கள் ஊர் ஊராக விற்கிறவர்கள். அதனால் ரகசியம், பாதுகாப்பு, ராணுவ அதிகாரிகளோடு பழகுவது பற்றிய விதிகள் உங்களுக்கு வேண்டாம். ஆனால் ஒரு விதியை உங்கள் ஷெட்டில் எழுதியே ஒட்டச் சொல்வேன். செய்து முடித்த பொருளை ஆரம்பக் கட்டத்தில் சோதித்துப் பறக்கவிடும் பொறுப்பு அதைச் செய்தவர்களிடமே இருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்ததை வடிவமைக்கும் திறமையையே அவர்கள் சீக்கிரம் இழந்துவிடுவார்கள் என்கிறார் ஜான்சன். நானும் அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெட்டி மாட்டுகிற வேலையை முழுக்க வெளி ஆளிடம் விட்ட ஒரு டீம், இரண்டே வருடத்தில், டெர்மினல் ஸ்க்ரூவை மண் படிந்த கையோடு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டுதான் முறுக்குவார்கள் என்பதையே மறந்து, நகத்தால் மட்டுமே எட்டுகிற இடத்தில் ஸ்க்ரூ வைத்தார்கள்.

இப்போது உங்கள் மாமாவிடம் வருகிறேன். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு; பணம் போட்டவருக்குக் கவலை இருக்கத்தான் செய்யும். ஆனால் 6 பேரை 12 ஆக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 6 பேர் இருக்கும் இடத்தில், ஒருவர் இன்னொருவரிடம் பேசித் தெரிந்துகொள்ள வேண்டிய ஜோடிகள் 15. 12 பேர் ஆனால் 66. ஆள் இரண்டு மடங்கு, பேச்சு நான்கு மடங்குக்கும் மேல். புதிதாக வருகிற 6 பேருக்கும் கற்றுக்கொடுக்கப் போவது ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கிற நீங்கள் 6 பேர்தான். ஜான்சன் இந்த விஷயத்தில் மிகக் கறாரானவர். சாதாரணமாக இப்படிப்பட்ட வேலைக்கு எத்தனை பேரைப் போடுவார்களோ அதில் 10 முதல் 25 சதவீதம் போதும், ஆனால் அவர்கள் நல்ல ஆட்களாக இருக்க வேண்டும் என்பது அவர் விதி.

ஒரே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றால் நான் ஒப்புக்கொள்வேன். அவர் இன்ஜினியராக இருக்க வேண்டாம். 20 வருடமாகத் தோட்டம் தோட்டமாகப் போய் பேனல் மாட்டுகிற எலக்ட்ரீஷியன் ஒருவரை வாரத்தில் 2 நாள் உங்கள் ஷெட்டுக்குக் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். உங்கள் பெட்டியைக் கையில் கொடுத்து மாட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நில்லுங்கள், வாய் திறக்காதீர்கள். எந்த இடத்தில் கை தயங்குகிறது, எந்த ஒயரை எதற்கு என்று உங்களைக் கேட்கிறார் என்று பாருங்கள். விவசாயி எந்தப் பெட்டியை வாங்குவது என்று கேட்பது அவரிடம்தான், ஓடவில்லை என்று முதலில் சொல்வதும் அவரிடம்தான்.

மாமாவுக்கு உண்மையில் தேவைப்படுவது ஆட்கள் இல்லை, தைரியம். அதைக் கொடுக்க ஒரு வழி இருக்கிறது. மாதத்தின் கடைசி நாளில் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். இதுவரை எவ்வளவு செலவானது, எவ்வளவுக்கு ஆர்டர் கொடுத்து இன்னும் பணம் கட்டாமல் இருக்கிறீர்கள், வேலை முடிய இன்னும் எவ்வளவு ஆகும். மூன்றாவது எண்ணைத்தான் எல்லாரும் மறைப்பார்கள். நீங்கள் மறைக்காதீர்கள். அது ஒவ்வொரு மாதமும் ஏறிக்கொண்டே போனாலும் எழுதுங்கள். திடீரென்று ஒருநாள் "பணம் தீர்ந்துவிட்டது மாமா" என்று போய் நிற்பதுதான் குடும்பத்தையே உடைக்கும்.

அடுத்தது, நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று. அந்த 11 பெட்டிகளிலும் எந்த ஃபர்ம்வேர் இருந்தது? போர்டு எந்த லாட்டில், அதாவது எந்தத் தொகுப்பில் வந்தது? உடனே சொல்ல முடியுமா? 14 மாதத்தில் 40 பெட்டி செய்த டீம்களை நான் அறிவேன். பெரும்பாலும் சொல்ல முடியாது. எங்களுக்கும் ஒருமுறை அப்படி ஆனது. சிடியிலிருந்து வருகிற கரன்ட்டை வோல்ட்டாக மாற்ற ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்குமே, அதில் 1 சதவீதத் துல்லியம் உள்ளதைத்தான் கேட்டிருந்தோம். கடையில் ஸ்டாக் இல்லை என்று சாமான் வாங்கப் போன பையன் 5 சதவீதத்தை வாங்கி வந்துவிட்டான். அவன்மேல் தப்பே இல்லை, எண் ஒன்றுதானே என்று நினைத்தான். சில போர்டுகள் 12 ஆம்பியரை 11.4 என்று படிக்க ஆரம்பித்தன. கரன்ட் குறைந்தால் தண்ணீர் இல்லை என்று மோட்டாரை நிறுத்துகிற ட்ரை ரன் எல்லையை நாங்கள் ஏற்கெனவே நெருக்கமாக வைத்திருந்தோம். கிணற்றில் தண்ணீர் இருக்கும்போதே மோட்டார் நின்றது. எந்தப் பெட்டிகளில் அந்த ரெசிஸ்டர் போனது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால் எல்லாப் பெட்டிகளையும் திறக்க வேண்டியதாயிற்று.

இதற்கு விலை கொடுத்து சாஃப்ட்வேர் வாங்க வேண்டியதில்லை. ஒரு நீளக் கணக்கு நோட்டு போதும். பெட்டிக்கு ஒரு வரி: சீரியல் எண், போர்டு லாட், ஃபர்ம்வேர் எண், யார் சோதித்தது, யாருக்கு, எந்த ஊருக்குப் போனது. இன்னொரு பக்கத்தில் மாற்றங்கள்: எந்தத் தேதியில், எதை, ஏன், யார் மாற்றினார். அறிக்கைகள் மிகக் குறைவாக இருக்கட்டும், ஆனால் முக்கியமான வேலை முழுமையாகப் பதிவாக வேண்டும் என்று ஜான்சனும் ஒரே விதியில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். நம் ஆட்கள் முதல் பாதியைக் கேட்டதும் சந்தோஷப்பட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

காலை மீட்டிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஷெட்டில் இருக்கிற 6 பேர் நேற்று என்ன செய்தோம் என்று ஒருவருக்கொருவர் ஒப்பிக்க வேண்டிய அவசியம் இல்லை. மேஜை நடுவில் திரும்பி வந்த பெட்டி ஒன்றை வையுங்கள். அதை வாங்கியவரிடம் நேரில் பேசியவர் பேசட்டும். யாரும் பேசியிருக்கவில்லை என்றால், மீட்டிங்கை விட்டுவிட்டுப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

நண்பனைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் இருவரும் சேர்ந்து தொடங்கியவர்கள், யாரும் யாருக்கும் மேலே இல்லை. அந்த உணர்வு நல்லது, அதை இழக்க வேண்டாம். ஆனால் பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக்கூடாது என்பதைக் கடைசியாக முடிவு செய்கிறவர் ஒருவராக இருக்க வேண்டும். இரண்டு பேர் முடிவு செய்தால் இரண்டு பேருடைய ஆசையும் பெட்டிக்குள் போகும். அது யார் என்பதை வருத்தமில்லாத ஒரு நாளில், சண்டை நடக்காத நேரத்தில் பேசிப் பெயரை எழுதிவிடுங்கள். மற்றவர் மறுத்தால் அந்த மறுப்பையும் அதே நோட்டில் தேதியோடு எழுதுங்கள். 6 மாதம் கழித்து அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தால் அப்போது அந்தப் பக்கத்தைத் திறந்து நீங்களே அவரிடம் காட்டுங்கள். நட்பு தாங்குவது இதனால்தான் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஒருவர் உங்கள் நண்பனாகவே இருந்தாலும் சரி, யார் தோட்டத்துக்கு அதிகம் போகிறாரோ அவராக இருக்கட்டும்.

மண் ஈரமும் மழை நிலவரமும் இப்போது வேண்டாம். உங்களிடம் வாங்கியவர்களில் பலர் பட்டன் போனிலிருந்து ஒரு கால் போட்டு மோட்டாரை ஓட்டுகிறவர்களாகத்தான் இருப்பார்கள். மண்ணில் புதைக்கிற ஒவ்வொரு சென்சாரும், இன்னும் 5 வருடத்துக்கு அது பழுதானால் வந்து பார்ப்போம் என்று நீங்கள் கொடுக்கிற வாக்கு. ஏற்கெனவே கொடுத்த 40 வாக்குகளில் 11 பாக்கி நிற்கிறது.

அது தீரும்வரை புது ஆர்டர் எடுக்காதீர்கள் என்று சொன்னால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், தெரியும். அதே ஜான்சன், 1956-இல் திரவ ஹைட்ரஜனில் ஓடும் ஒரு விமானத்தின் வேலையை எடுத்தார். கொஞ்ச காலத்திலேயே, போதுமான தூரம் இதனால் பறக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அரசாங்கம் பணம் கொடுக்கத் தயாராக இருந்தபோதே இது வேண்டாம் என்று அவரே போய்ச் சொன்னார். பிறகு அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. உங்களை நான் நிறுத்தச் சொல்லவில்லை, 2 மாதம் பொறுக்கச் சொல்கிறேன்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இது. திரும்பி வந்த 11 பெட்டிகளையும் அவை வந்த அதே தோட்டங்களுக்குத் திரும்ப எடுத்துப் போங்கள். போர்டு டிசைன் செய்தவரும் ஃபர்ம்வேர் எழுதியவரும் போக வேண்டும், வேறு யாரையும் அனுப்ப வேண்டாம். டாங் டெஸ்டர் ஒன்று, வோல்ட் மீட்டர் ஒன்று, நோட்டு ஒன்று. பகலில் மூன்று ஃபேஸ் இருக்கும்போது ஒரு தடவை, ராத்திரியில் ஒரு தடவை அளந்து எழுதுங்கள். மோட்டார் ரூமுக்கு எலக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்கள். என் தென்னந்தோப்புக் கதைதான் உங்கள் கதையும் என்று முன்கூட்டியே நினைத்துக்கொண்டு போகாதீர்கள். சிக்னலாக இருக்கலாம், எறும்பு புகுந்த ரிலேயாக இருக்கலாம், நான் நினைத்தே பார்க்காத ஒன்றாகவும் இருக்கலாம். கன்டென்சர்தான் காரணம் என்றால் அவசரப்பட்டு அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடாதீர்கள். மின்வாரியம் அப்படி ஓட்டுவதை ஏற்பதில்லை, மோட்டாரும் சூடாகும். 700 அடியிலிருந்து மோட்டாரைத் தூக்கிக் காயில் கட்டுகிற செலவு அந்த விவசாயியின் தலையில் விழும். அவரோடு உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

அந்த வழியிலேயே, திரும்பி வராத 29 பெட்டிகளையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள். அவை நன்றாக ஓடுகின்றன என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் விஷயத்தில், புகார் சொல்லாதவர்களில் சிலர் பெட்டியைச் சுவரிலேயே விட்டுவிட்டு, ஒயரை மட்டும் பைபாஸ் செய்து பழைய ஸ்டார்ட்டரில் மோட்டாரைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த 29-இல் எத்தனை பெட்டிகளில் விளக்கு எரிகிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்